ஆறாவது சென்சார்

பாலங்களின் அதிர்வை அளக்கும் அந்த அலுவலகத்தில் அவளைவிடச் சுத்தமாக சென்சார் ஒட்டுகிறவர் யாருமில்லை. பாலமோ கட்டடமோ, பிசுக்கைத் துடைத்து, பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகுதான் பசையை எடுப்பாள். பதினேழு வருஷம். ஆனால் எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்ய பொறியாளர் வேண்டும். போன வருஷம் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி.

வீட்டில் மாமியார் வாயைத் திறந்தால் சின்னவள் புராணம்தான். "பாலத்துக்கே நாடி பிடிச்சுப் பார்க்கிறாளாம்!" பெரியவளுக்கு வயிறு எரியும். பிடிக்கிற கை யாருடையதாம்?

ரயில் பாதைக்கு மேலிருந்த நடைபாலத்தில் அதிர்வு அளக்க ஆறு சென்சார். சின்னவள் குறித்துக் கொடுத்த வரைபடத்தோடு போன பெரியவள் ஆறாவது இடத்தில் நின்றாள். அங்கே உத்தரத்தின் மேல் ஒரு மூடுதகடு. குதிகாலால் தட்டினாள், கடகடவென்று ஆடியது. இதில் ஒட்டினால் பாலத்தின் அதிர்வு வராது, தகட்டின் ஆட்டம்தான் வரும். ஒரு போன் செய்திருக்கலாம். 'படிச்சவளாச்சே, படட்டும்' என்று தகட்டிலேயே ஒட்டிவிட்டு இறங்கினாள்.

மூன்றாம் நாள் ஆறாவது சென்சாரின் அளவு மட்டும் எகிறியது. பாலத்தை மூடினார்கள். ஜனங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சின்னவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். "நேர்ல போய்ப் பார்க்காம எப்படிம்மா இடம் குறிச்சே?"

பெரியவளுக்குக் குளுகுளுவென்றிருந்தது.

"ஒட்டினது எங்க அக்கா சார்," என்றாள் சின்னவள். "இடம் சரியில்லன்னா அவங்க ஒட்டியிருக்கவே மாட்டாங்க. பாலத்துலதான் ஏதோ கோளாறு."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது.

"பாலத்துல ஒண்ணுமில்ல சார்," என்று பெரியவள் எழுந்தாள். "அங்க ஒரு தகடு ஆடுது. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஒட்டினேன்."

"ஏன்?" என்றார் அதிகாரி. சின்னவள் மட்டும் பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மதியமே பெரியவள் சென்சாரை உத்தரத்துக்கு மாற்றினாள். அளவு அடங்கியது, பாலம் திறந்தது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது. சின்னவள் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் ஒரு மாதம் அக்கா என்று கூப்பிடவுமில்லை.

அடுத்து ஒரு தண்ணீர்த் தொட்டி. சின்னவள் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். "நேர்ல பார்த்து இடத்தை நீங்க குறிங்க. கணக்கு நான் போடுறேன்."

பெரியவள் எட்டு இடம் குறித்தாள். கணக்குப் போட்ட சின்னவள் இரண்டை அழித்தாள். அந்த இரண்டு இடத்திலும் தொட்டி அசைவதே இல்லையாம். சரியாகத்தான் இருந்தது. பெரியவளுக்குப் பொறுக்கத்தான் முடியவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே? காட்டு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.