சட்டைப் பை இருந்த பக்கம்

ஆயத்த ஆடைப் பட்டறையின் மாடியில், ஆண்கள் சட்டைக்கான துணியை அடுக்கடுக்காக விரித்து, சுண்ணக்கட்டியால் கோடிட்டு, மின்கத்தியால் வெட்டித் தள்ளுவது கட்டிங் மாஸ்டரின் வேலை. இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பாட்டைத் திறப்பார்கள். அவர் கைப்பேசியைத் திறப்பார். பழைய விமானங்களின் மீது பித்துக்கொண்ட சிலர் அதில் ஒரு குழுவாகக் கூடியிருந்தனர். ஒருவர், அதிகம் யாரும் கண்டிராத விமானம் ஒன்றின் படத்தைப் போடுவார். அது எதுவென்று முதலில் சரியாகச் சொல்பவர் அடுத்த படத்தைப் போட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. படத்தில் நிற்கும் மனிதர்களை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். சீருடையைப் பார்த்து நாட்டை ஊகித்துவிடுவார்களே! அந்த விதியை வகுத்தவரும் மாஸ்டர்தான். வால் நுனியைக் காட்டினால் போதும், முழு விமானத்தையும் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர்.

குழுவில் லிஃப்ட்காரர் ஒருவர் இருந்தார். நகரத்துப் பழைய வணிகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். "தினமும் பறக்கிறது நான் ஒருத்தன்தான், நீங்கள்லாம் சும்மா படம் பார்க்கிறீங்க" என்று வம்பிழுப்பார். ஒருமுறை கூட அவர் வென்றதில்லை. எனவே, யாரோ மனமிரங்கித் தம் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தபோது, வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தைக் கைப்பேசியில் எடுத்து, விதிப்படி ஆட்களை வெட்டிப் போட்டார்.

வயலுக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானம். இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை; எழுத்தோ எண்ணோ இல்லை. யாருக்கும் பிடிபடாததால் அவரே விடையைச் சொன்னார். சிறு பட்டறை ஒன்று ஒன்றே ஒன்றாகச் செய்து, சில தடவை பறக்கவிட்டுக் கைவிட்ட விமானமாம். அவருடைய அப்பா அங்கே மெக்கானிக்காக இருந்தாராம்.

மாஸ்டர் தம்மிடமிருந்த வரைபடத்தை எடுத்தார். அந்த ஒற்றை விமானத்துக்குப் புகைக்குழாய் வலப்பக்கம். படத்திலோ இடப்பக்கம். இடப்பக்கம் குழாய் வைத்து, பார்வைக்கு ஏறக்குறைய அதே போல, நூற்றுக்கணக்கில் செய்து விற்ற வேறொரு விமானம் உண்டு.

"இது சாதாரண தெளிப்பு விமானம்ங்க. உங்கப்பா வேற எதுக்கோ முன்னாடி நின்னு படம் எடுத்திருக்கார்" என்று குழுவில் எழுதினார். கைதட்டும் படங்கள் குவிந்தன. "அப்பா விட்ட ரீலு, மாஸ்டர்கிட்ட மாட்டிக்கிச்சு" என்றார் ஒருவர்.

லிஃப்ட்காரர் வெட்டாத படத்தை மாஸ்டருக்குத் தனியே அனுப்பினார். "முழுசாப் பாருங்க மாஸ்டர். அப்பா ஸ்பானரோட நிக்கிறார்."

மாஸ்டர் படத்தைத் திறக்கவேயில்லை. "மனுஷங்களைப் பார்த்து விமானத்தைச் சொல்ல முடியாது தம்பி" என்று பதில் போட்டார். அன்றே லிஃப்ட்காரர் குழுவைவிட்டு விலகினார்.

ஓராண்டுக்கு மேல் போயிருக்கும். ஒரு விடுமுறை நாள் காலை, கைப்பேசியில் இடமில்லை என்று மாஸ்டரின் மனைவி அதில் தானாகச் சேமிப்பாகிக் கிடந்த வேண்டாத படங்களை அழித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"என்னங்க, இது நீங்க வெட்டின சட்டையா? பாக்கெட்டை வலது பக்கம் வச்சிருக்கு!"

"எவனாவது கத்துக்குட்டி தச்சிருப்பான்."

"ஒரு சட்டைன்னா கத்துக்குட்டி. மூணு பேருக்குமா? பட்டனும் பொம்பளைங்க ரவிக்கை மாதிரி மாறிக் கிடக்கு."

மாஸ்டர் கைப்பேசியை வாங்கினார். ஸ்பானருடன் ஒருவர், இருபுறமும் இருவர். மூவரின் சட்டைப் பையும் வலப்பக்கம். பின்னால் அந்த விமானம்.

நெகட்டிவை மாற்றிப் போட்டு அச்சிட்ட படம். இடவலம் புரண்டிருந்தது. நேராகத் திருப்பினால் பை இடப்பக்கம் வரும். புகைக்குழாய் வலப்பக்கம் போகும். வாழ்நாளெல்லாம் சட்டைப் பைக்குக் குறி போட்டவர், படத்தை ஒரு நொடி திறந்திருந்தால் போதும்.

படத்தை நேராகத் திருப்பி அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுநாளே அந்தக் கட்டடத்துக்குப் போனார். கம்பிக் கதவை இழுத்து மூடிய லிஃப்ட்காரரிடம், விமானக் குழுவிலிருந்து வருவதாகச் சொன்னார். ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"மாஸ்டரா? எந்த மாடி?"

"உங்களைப் பார்க்கத்தான். நான் சொன்னது தப்பு தம்பி. உங்கப்பா சொன்னதுதான் நிஜம்."

லிஃப்ட் ஏறிக்கொண்டிருக்கும்போதே விவரத்தைச் சொல்லி முடித்தார். லிஃப்ட்காரர் புதிய படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"அப்பா வகிடு இந்தப் பக்கம்தான் எடுப்பார்" என்றார் மெதுவாக. "படத்துல இருக்கிறது அவர் முகம் மாதிரியே இல்லடான்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நாங்க சிரிப்போம்."

"அம்மாகிட்ட காட்டுங்க. நானே வந்து சொல்றேன்."

"அம்மா இல்ல மாஸ்டர். மழைக்காலத்துல போய்ட்டாங்க." மேல்மாடியில் லிஃப்ட் நின்றது, யாரும் ஏறவில்லை. "நீங்க சொன்ன அன்னைக்கு நான்தான் படத்தைக் கழட்டினேன். ஏன்டான்னு கேட்டாங்க. அப்பா புளுகியிருக்கார்மான்னு சொல்லிட்டேன். ஆணியை மட்டும் பிடுங்காதேன்னாங்க."

கீழே மணி அடித்தது.

"இறங்குறீங்களா, கூட வர்றீங்களா?"

"இறங்கிக்கிறேன்."

கம்பிக் கதவுக்குப் பின்னால் லிஃப்ட்காரர் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொள்வது தெரிந்தது. மாஸ்டர் படியில் நடந்து இறங்கினார்.

அன்று மாலை, தம் தவற்றைக் குழுவில் ஒளிக்காமல் எழுதினார். லிஃப்ட்காரரின் மறைந்த தந்தையிடமும் மன்னிப்புக் கேட்டார். ஒரு நிமிடத்துக்குள் கைதட்டும் படங்கள் குவிந்தன. "சட்டைப் பையை வச்சே விமானத்தைப் பிடிச்சிட்டீங்களே! மாஸ்டர்னா மாஸ்டர்தான்!"

விடை சொன்னவர் அவர் என்பதால், முறைப்படி அடுத்த படத்தை அவர்தான் போட வேண்டும். இன்றுவரை அவர் போடவில்லை.