ஒயரைப் பிடுங்கியவர்

துடியலூர்ப் பக்கம் ஒரு பால் ஆலையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, பாலைச் சூடாக்கும் இயந்திரத்துக்குப் புது கண்ட்ரோல் புரோகிராம் எழுத ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான தேகம், நரை ஓடிய கிராப்பு. ஒரு பழுதைத் தானே வரவழைத்துப் பார்க்காமல் எந்த வேலையையும் முடிந்தது என்று சொல்லமாட்டார்.

கடைசி நாளன்று, பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சூட்டைக் காட்டும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார். நான் அவர் பக்கத்தில் போனேன்.

“ஏனுங்க மேடம், நல்லா ஓடறதைப் போயி கெடுக்கறீங்களே?”

“ஒரு நாளைக்கு அதாவே கெட்டுப்போகுமுங்க. அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேனுங்க.”

மற்ற சென்சார்களை வைத்து புரோகிராம் சூட்டைக் கணித்து இயந்திரத்தை ஓட்டியது. அந்த நேரம் பார்த்து பாலுக்குச் சூடு தரும் நீராவியின் வால்வு நிஜமாகவே பாதி மூடியபடி சிக்கிக்கொண்டது. நான் இயந்திரத்தை நிறுத்த ஓடினேன். அவர் குறுக்கே கை நீட்டினார்.

“கொஞ்சம் பொறுங்க. அது பாத்துக்கும்.”

சூடு இறங்கப்போவதை முன்பே கணக்கிட்டு, புரோகிராம் குறைந்த நீராவிக்கு ஏற்றபடி பால் வரும் வேகத்தைத் தானாகக் குறைத்தது. திரையில் சரியத் தொடங்கிய கோடு நிமிர்ந்தது. ஒரு சொட்டுப் பாலும் வீணாகவில்லை.

நானும் சுற்றி நின்ற ஆலை ஆட்களும் கைதட்டினோம். அவர் அதைக் காதில் வாங்காமல், பிடுங்குவதற்கு அடுத்த ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் மெச்சிய பிறகும் அவருக்கு எது போதவில்லை என்று இன்றும் யோசிப்பேன்.