மே பதின்மூன்றில் ஒரு கல்யாணம்

நான் படித்தது மூன்றே வருஷம். ஆனால் செர்டாங்கிலிருந்து பாலிங் வரைக்கும் என் லாரி போகாத ரோடு இல்லை. செம்பனைக் குலை ஏற்றுகிறவன் எவனும் என்னைக் கேட்காமல் வாடகை பேசமாட்டான். அப்பேர்ப்பட்ட நானே போன மாதம் ஒரு தேதியிடம் தோற்கப் பார்த்தேன்.

கடைசி மகளுக்குக் கல்யாணம். ஐயர் குறித்த முகூர்த்தம், டேவான் மண்டபம் கிடைத்த நாள், மாப்பிள்ளையின் லீவு எல்லாம் கூடி வந்தது மே பதின்மூன்றில்தான். பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா பாலிங்கிலிருந்து போன் போட்டார்கள்.

"அண்ணே, அந்த நாள் வேணாம். அறுபத்தொம்பதுல கோலாலம்பூர்ல கலவரம் நடந்த நாள். என் மகன் அன்னிக்குத் தாலி கட்டக்கூடாது."

ஜூனில் மாப்பிள்ளை துபாய்க்கு வேலைக்குப் போகிறார். இதை விட்டால் எப்போது என்று யாருக்கும் தெரியாது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே பாலிங்குக்குக் காரை விட்டேன். வழியெல்லாம் எங்கள் சிஸ்டர் நினைவுதான்.

பினாங்கிலிருந்து வந்த கன்னியாஸ்திரி அவர். தோட்டத்துப் பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு, ரப்பர் மரத்தில் பால் வெட்டத்தானே போகப்போகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஆயாக்கொட்டகையில் தொட்டில்களுக்கு நடுவே கரும்பலகை மாட்டினார். எங்கள் பக்கம் அதற்குமுன் யாரும் அதைச் செய்ததில்லை. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போன நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதுதான் என் படிப்பு.

தினமும் பலகையில் தேதியைப் போட்டு, அதே தேதியில் எப்போதோ நடந்த உலகச் சேதி ஒன்றை எழுதுவார். அதன் கீழே நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் சேதி ஒன்றை நாங்கள் சொல்லவேண்டும். மனுஷன் நிலாவில் இறங்கினதும், லயத்துக்குப் பைப்புத் தண்ணீர் வந்ததும் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வரிதான்.

கலவரத்துக்கு அடுத்த வருஷம் அந்தத் தேதி வந்தது. கோலாலம்பூர்க் கலவரத்தில் பலர் செத்ததை எழுதினார். அதன் கீழே, போர்ச்சுகல் நாட்டில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள் மாதாவைக் கண்டதை எழுதினார். பிறகு எங்களைப் பார்த்தார். நான்தான் எழுந்தேன்.

"போன வருஷம் அன்னிக்கு எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு சிஸ்டர்."

கொட்டகையே சிரித்தது. சிஸ்டர் சிரிக்காமல் அதையும் அதே அளவு எழுத்தில் எழுதினார். "ஒரு நாள்ல எல்லாந்தான் நடக்கும். ஒண்ணை மட்டும் எழுதிட்டு நிறுத்தக்கூடாது" என்றார்.

பாலிங்கில் சம்பந்தியம்மா கோப்பி கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. நான் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன்.

"உங்க சிஸ்டருக்கு என்ன அண்ணே! அந்தக் கலவரத்துல கே.எல்.ல மாட்டிக்கிட்டது எங்கப்பா. அவர் வீடு வந்து சேர்ற வரைக்கும் எங்கம்மா அடுப்பு மூட்டல."

லாரி முதலாளிகள் பத்துப் பேரைப் பேசியே உட்கார வைத்தவன் நான். இங்கே அந்தப் பேச்சு எடுபடாது. கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அதை மறக்கச் சொல்லல தங்கச்சி. அதுக்குக் கீழே எழுத உங்க வீட்ல ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

அதுவரை பேப்பரில் முகத்தைப் புதைத்திருந்த சம்பந்தி தலையை நீட்டினார். "ஏன் இல்ல? என் நெஞ்சைப் பொளந்து தைச்சு வீட்டுக்கு அனுப்பினது அன்னிக்குத்தானே?"

"அது பன்னெண்டு."

"பதிமூணு லா! அந்த வருஷம் அன்னையர் தினம் பதிமூணுலதானே வந்துச்சு, நர்ஸ் உனக்கு ரோஜாப்பூ கொடுக்கல? இன்னிக்குத்தான் எனக்குத் தாலி கட்டின மாதிரி இருக்குன்னு நீ அழுதே!"

சம்பந்தியம்மா விரல் விட்டு எண்ணினார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஆமா. ஞாயித்துக்கிழமை."

"நான் பொழைச்சதையே மறந்துட்டா பாருங்க சம்பந்தி!"

"சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினார்கள். "பத்திரிகை அடிக்கக் கொடுங்க அண்ணே. ஆனா கல்யாணத்துக்கு முந்தி முன்னோருக்குப் படைக்கிறப்ப, அன்னிக்குச் செத்தவங்களுக்கும் ஒரு இலை போடணும்."

"நானே வந்து போடறேன்" என்றேன்.

காரில் ஏறியதும் வீட்டுக்குப் போன் போட்டேன். "நீங்க பேசியா ஒத்துக்கிட்டாங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"பின்னே வேற யாரு பேசி?"

பின்னால் மகளின் சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி ரொட்டி சானாய் சொன்னேன். கொண்டு வருவதற்குள் இன்னும் இரண்டு சொல்லிவிட்டேன். அவ்வளவு பசி.