அம்மா ஒருமுறை மட்டும் கேட்ட நாள்

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய ஸ்ட்ராத்ஃபீல்டில் அம்மாவுக்கு ஒரேயொரு சிநேகிதிதான் இருந்தார். அந்தச் சிநேகிதத்துக்குப் பொதுவாக இருந்ததும் ஒரேயொரு சொல்தான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் எங்களைத் தவிர வேறு தமிழர் கிடையாது. பக்கத்து வீட்டில் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் புகுந்தபோது ஒரு பெட்டியோடு எல்லை கடந்தவர்கள். திரும்பிப் போனால் நேரே மறியல்தான், கம்பி எண்ணவேண்டியதுதான் என்று அப்பா சொல்வார். அந்த வீட்டுக்காரியை நான் அன்ரி என்று கூப்பிடுவேன்.

அம்மாவும் அன்ரியும் தேவாலய மண்டபத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்குச் சேர்ந்து போனார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் கடைசி வரிசை வாங்கில் இருப்பேன். ஒருநாள் ஆசிரியை 'ஸ்டில்' என்று கரும்பலகையில் எழுதி, அவரவர் பாஷையில் அதற்கு என்ன சொல் என்று கேட்டார். அன்ரி எழுந்து 'ஸ்தாலே' என்றார். பிறகு 'எஷ்ட்யே' என்றார். கொஞ்சம் யோசித்து, 'ஆனாலும்' என்ற கருத்தில் வந்தால் 'ப்ரெட்ஸா' என்றார். ஆசிரியைக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். அம்மா தன் பங்குக்கு 'இன்னும்' என்றார். மழை இன்னும் பெய்கிறது, அவர் இன்னும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் பரிமாறிக் காட்டினார். அன்ரி துள்ளிவிட்டார். அவர்களுடைய எஷ்ட்யேயும் இதே வேலைகளைத்தான் செய்கிறதாம், பரிமாறுவது உட்பட. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அதற்குமேல் ஆங்கிலம் நகரவில்லை.

அதன்பிறகு அம்மா 'எஷ்ட்யே' என்பார், அன்ரி 'இன்னும்' என்பார். வேலியில் இரண்டு பலகையைக் கழற்றி வழியும் வைத்தாயிற்று. அன்ரி வந்தால் கதிரையில் சாயாமல் நுனியில் உட்கார்ந்துகொண்டு, எதைக் கொடுத்தாலும் "நோ, நோ" என்பார். அம்மா விடமாட்டார். மறுபடியும் "நோ". கடைசியில் அம்மா "எஷ்ட்யே!" என்று அதட்டித் தட்டில் வைத்த பிறகுதான் அன்ரி பெருமூச்சோடு சாப்பிடத் தொடங்குவார். அன்ரி வீட்டில் அம்மாவும் அப்படித்தான். முதல் தடவையே கைநீட்டி வாங்குவது இரண்டு ஊரிலும் மரியாதையில்லை.

என்னுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தேன். எங்கள் வீடும் அவர்கள் வீட்டைப்போல இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. கேக்கோடு நிறுத்துங்கோ என்று கெஞ்சியும் அம்மா றவைக் கேசரி கிண்டினார். அன்ரி கசகசா வைத்துச் சுருட்டிய கேக்கோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் கொஞ்சம் தின்றுவிட்டு "நோ, தேங்க்யூ" என்றார்கள். அம்மா ஒரு பக்கத்திலிருந்து "எஷ்ட்யே" என்றார். மறுபக்கத்திலிருந்து அன்ரி "இன்னும், இன்னும்" என்றார். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் தட்டைக் கையால் மூடினாள். எங்கள் பந்தியில் இலையைக் கையால் மறைத்தால் கரண்டி நிற்காது, கைதான் விலகும். அவள் கை விலகவில்லை. அடுப்பால் இறக்கிய கேசரி அம்மாவின் கரண்டியிலிருந்து சுடச்சுட அப்படியே அவள் புறங்கையில் விழுந்தது.

கை சிவந்ததோடு போயிற்று. ஆனால் கூட்டிப்போக வந்த அவளுடைய தாய், அம்மாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "எஷ்ட்யே, எஷ்ட்யே" என்று ஒருத்தி வாயில் ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டுப் பாணைத் திணித்து விளையாடினார்கள். நான் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். அம்மாவை நினைக்கவே வெட்கமாக இருந்தது. அம்மாவின் சேலை, அந்தக் கரண்டி, அந்தச் சொல், எல்லாமே வெட்கமாக இருந்தது.

அப்பா கந்தோரில் வெள்ளைக்காரரோடு வேலைசெய்து பழகியவர். "இந்த நாட்டில ஒருக்காத்தான் கேக்கிறது. வேண்டாமெண்டா வேண்டாம்தான். விளங்குதோ?" என்றார்.

அம்மா "ஓம்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே நடக்கவும் தொடங்கினார். பழக்கதோஷத்தில் நான் ஒருநாள் தோசை வேண்டாம் என்றேன், தோசை திரும்பிப் போய்விட்டது. அரைவயிற்றோடு படுத்தாலும் மனதுக்குள் பெரிய நிம்மதி.

சில கிழமைகளுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை பின்னேரம், அன்ரி வேலிக்குள்ளால் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தடிமன் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கென்று பார்த்து, கை சுட்டுக்கொண்ட அந்தப் பிள்ளை முதல்முறையாகத் திரும்பவும் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்திருந்தாள். அம்மா தேத்தண்ணியும் கட்லட்டும் கொண்டுவந்து, வகுப்பில் படித்த சுத்தமான ஆங்கிலத்தில் ஒருமுறை கேட்டார். அன்ரி "நோ, நோ" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார், அந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்தார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அன்ரி கதிரை நுனியில் இருந்து குசினிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்ததும் எழுந்து போய்விட்டார். எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அன்ரியின் கணவர் வந்தார். ஊரில் அன்ரியின் தாய் இறந்துபோனதாகக் காலையில் தந்தி வந்ததாம். போவதற்கு வழியில்லை. விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை, இங்கே வந்தாவது ஏதும் சாப்பிட்டாளா என்று கேட்டார்.

"ஐயோ, நான் ஒருக்காத்தானே கேட்டனான்," என்றார் அம்மா.

"அவ வேண்டாமெண்டுதானே சொன்னவ?" என்றேன் நான்.

அம்மா என்னையும் பக்கத்தில் நின்றவளையும் ஒரே மாதிரிப் பார்த்தார். பிறகு கட்லட் தட்டை எடுத்துக்கொண்டு செருப்பும் போடாமல் வேலிக்குள்ளால் ஓடினார்.

பக்கத்து வீட்டிலிருந்து பெரிய அழுகை கேட்டது. அம்மாவின் குரல் "எஷ்ட்யே, எஷ்ட்யே" என்று கெஞ்சியது. அன்ரியின் குரல் "நோ, நோ" என்றது. அம்மாவின் குரலும் உடைந்து அழத் தொடங்கியது. பிறகு அன்ரி "இன்னும்" என்று சொல்வது கேட்டது. பக்கத்தில் நின்றவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நான் வெட்கம் தாங்காமல் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன். கட்லட்டுக்காகத்தான் இந்தச் சத்தமெல்லாம் என்று அவளுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.