தொட்டிக்குள் இறக்கிய அரிக்கேன் விளக்கு

போன வருடம் வெயில் காலத்தில், சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கிணற்று வேலையில் மண் சுமக்கும் கூலியாக ஆரம்பித்து, பிறகு சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்து, மாடி வீடு கட்டியவன். ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள், நான் வெட்டிய கிணறுகள் என்னைப் பற்றிச் சொல்லும். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. என் வேலையில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. அதற்குக் காரணம் ஓர் அரிக்கேன் விளக்கு. பாழடைந்த கிணற்றில் தூர் வார ஆளை விடுவதற்கு முன்னால், அந்த விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவேன். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்துவிட்டால் உள்ளே மூச்சுக்காற்று இல்லை, ஒருவரும் இறங்கக் கூடாது. இதை எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என் ஒரே மகளைத்தான் காலேஜுக்கு அனுப்பினேன். கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் ஆனாள். வேலை பார்க்கிறவர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அங்கேயே மாப்பிள்ளை, பேத்தியோடு குடியிருந்தாள். லீவு கிடைத்தால் பஸ் ஏறி எங்களிடம் வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் போனில், இதே வேலைக்கு ஆஸ்திரேலியாவில் மேனேஜராகக் கூப்பிடுகிறார்கள், குடும்பத்தோடு போகப் போகிறோம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்டாட்டி வேலைக்காக மாப்பிள்ளை தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போவதாம்!

டிக்கெட் போடுவதற்கு முன் நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். எப்படியாவது தடுத்துவிடுவது என்று நானும் முடிவோடு இருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து வாசலில் வேலை நடந்துகொண்டிருந்தது. தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்று காலி செய்து, உள்ளே பெயின்ட் அடிக்க ஆள் விட்டிருந்தேன். பாதி வேலையில் பெயின்டர் தள்ளாடிக்கொண்டே மேலே ஏறி வந்தார்.

“தல சுத்துது முதலாளி. உள்ள மூச்சு வுட முடியல” என்று வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் அம்மாவோடு சமையலறையில் இருந்தாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் இருந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? துடைத்து வைத்திருந்த விளக்கை எடுத்து வந்து ஏற்றினேன்.

“மாப்ள, இங்க வாங்க. உங்க வூட்டம்மா படிச்ச படிப்ப எல்லாம் ஒரே ஒரு கயித்துல காட்டுறன்.”

“மாமா, இதுக்கு சர்டிபிகேட் குடுப்பாங்களா?” என்று அவர் சிரித்தார்.

“நான் உசுரோட நிக்கிறனே, அதான் சர்டிபிகேட்டு. இதுக்குப் போயி புள்ளயத் தூக்கிக்கிட்டு கடல் தாண்டணுமா?”

எதிர்வீட்டுக்காரர் வேறு வந்து நின்றுகொண்டு, “காட்டு மச்சான், நல்லாக் காட்டு” என்று ஏற்றிவிட்டார். பேத்தி தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வந்தாள். மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார். நான் குனிந்து விளக்கை இறக்கினேன். பெயின்டில் கலக்கிற தின்னர் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. புதுப் பெயின்ட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

“அப்பா! வேணாம்!”

சமையலறையிலிருந்து அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. மல்லாக்க விழுந்தேன். அடுத்த கணம் தொட்டிக்குள்ளிருந்து ‘டம்’ என்று ஒரு சத்தம். குபீரென்று தீ கிளம்பி ஜன்னல் சன்ஷேடைத் தொட்டது. காது அடைத்துவிட்டது. முடி பொசுங்கும் நாற்றம். பொசுங்கியது என் முடிதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சற்று முன் என் தலை இருந்த இடத்தில் நெருப்பு நின்றுகொண்டிருந்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெயின்டரிடம் ஓடினாள்.

“அண்ணே, உள்ள வேற யாராவது இருக்காங்களா?”

“இல்லம்மா, நான் ஒருத்தன்தான்.”

“எல்லாரும் ரோட்டுக்குப் போங்க! யாரும் கிட்ட வராதீங்க, தண்ணி ஊத்தாதீங்க!”

ஒருவர் விடாமல் தெருமுனையில் நிற்கவைத்து, ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தீயணைப்புக்குப் போன் போட்டாள். அவர்கள் வருவதற்குள் தீ தானாக அடங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, “மச்சான், புருவம் எங்க?” என்றார். தடவிப் பார்த்தேன், இரண்டும் இல்லை.

கடைசியில்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கிணத்துக்கு உங்க விளக்கு சரிதான்பா. அங்க காத்து இல்லாமதான் ஆளு சாவும். இங்க இருந்தது தின்னர் ஆவி. அதுகிட்ட நெருப்பக் காட்டுனா வெடிக்காம என்னா பண்ணும்?”

என் ஆட்களையெல்லாம் காப்பாற்றிய விளக்கு அது. நான் சாமி மாதிரி நம்பிய விளக்கு. பேத்தி எட்டிப் பார்க்க வந்த இடம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது அவள் மாப்பிள்ளையிடம் சொன்னாள்: “டிக்கெட் போட வேணாங்க. இவர இப்புடி வுட்டுட்டு நான் எங்க போவ? இங்கியே இருந்துக்கலாம்.”

காலையிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. அவள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பெயின்டர் ஓரமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்கு விட்ட ஆள். அவர் மயங்கி வந்து உட்கார்ந்தபோது நான் மாப்பிள்ளையிடம் கெத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளோ அப்பனைக்கூட விட்டுவிட்டு முதலில் அந்த ஆளிடம் ஓடினாள்.

“போம்மா. நான் சொல்றன், போயிட்டு வா. என்னப்போல இன்னும் எத்தினி பேரு கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறானுவளோ.”

“அப்ப நீங்க?”

“உன்ன போன்ல கேக்காம இனிமே ஒரு தீக்குச்சி ஒரச மாட்டன், போதுமா?”

அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் புருவம் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. டீக்கடையில் என் பெருமைப் பேச்சும் குறையவில்லை, மகளைப் பற்றியும் சேர்ந்து இப்போது ஜாஸ்தி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கும். அப்போதெல்லாம், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊரில், எவனோ ஒருவனுடைய சட்டையை என் மகள் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருப்பாள், அவனும் சாயங்காலம் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும்.