மாமா நெற்றியில் சாம்பல்

அத்தைக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் மாமா எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. மாமாவும் தமிழர்தான். மைசூரிலேயே பிறந்தவர், வயரிங் வேலை செய்தார். ஆனால் கிறிஸ்தவர். நாங்கள் ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்து, அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். மாதேஸ்வரன் மலை விபூதி பூசாமல் அப்பா காலையில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

“நெத்தியில திருநீறு இல்லாத ஆளு எம்பட வாசப்படி ஏறப்படாது” என்று தங்கை கல்யாணத்தின்போதே சொல்லிவிட்டார்.

அதனால் அத்தை, அப்பா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து அம்மாவிடம் வருவாள். மாமா சைக்கிளில் கொண்டுவந்து சந்து முனையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அப்போது அத்தை மாசமாக இருந்தாள். பெற்றவர்கள் இல்லாததால் அவளுக்குத் தாய்வீடு எங்கள் வீடுதான். தலைப்பிரசவத்துக்கு அண்ணன் கூப்பிடுவாரா மாட்டாரா என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அழுவாள்.

அன்று புதன்கிழமை. மணல் வண்டி வராததால் அப்பாவுக்கு வேலையில்லை. வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அது தெரியாமல் மாமா அத்தையை ஏற்றிக்கொண்டுவந்து சந்து முனையில் சைக்கிளை நிறுத்தினார். எங்கள் வீடு முனையிலிருந்து இரண்டாவது. அப்பா நிமிர்ந்தார். மாமா நெற்றியில் சாம்பல் இருந்தது.

அப்பா எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

“வாங்க மாப்ள. ஏனுங்க அங்கயே நின்னுட்டீங்க?”

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள்.

அப்பா அடுக்களைக்குள் போய் அம்மாவிடம் குசுகுசுவென்று சொன்னார்: “பாத்தியா, திருநீறு பூசிட்டு வந்திருக்காரு. எறங்கி வந்துட்டாரு மனுசன்.”

“கொஞ்சம் கருப்பா இருக்குதுங்களே?”

“வேர்வையில அப்படித்தான் தெரியும். நீ கோழியப் புடி.”

அது கிறிஸ்தவர்களின் சாம்பல் புதன். காலையில் மாதா கோயிலில் பாதிரியார் பூசிவிட்ட சாம்பல் அது. அன்று அவர்கள் ஒரே வேளை சாப்பிட்டு நோன்பிருப்பார்கள், கறி தொடவே மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு விளங்கியது நானும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான். அன்றைக்கு வீட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், மாமாவும் அத்தையும்.

இலை போட்டார்கள். அத்தை, வாடை பிடிக்கவில்லை என்று வெறும் மோர்ச்சோறு வாங்கிக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை யார் என்ன கேட்பார்கள்? மாமாவுக்கு அந்த வழியும் இல்லை. அப்பா தன் கையாலேயே தொடைக்கறியை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

“அண்ணா, அவருக்கு இன்னிக்கு...” என்று அத்தை ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு” என்றார் மாமா.

கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

“காரத்துக்குப் பயந்துக்காதீங்க மாப்ள, உங்க அக்கா பாத்துத்தான் போட்டிருப்பா” என்று அப்பா அம்மாவைக் காட்டிச் சிரித்தார்.

மாமாவும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார். அவர் கை கழுவும்போது அப்பா செம்பில் தண்ணீர் ஊற்றியபடி சொன்னார்: “ஏழாம் மாசம் பொறந்ததும் தங்கச்சியக் கொண்டாந்து உட்டுருங்க. தலப்பிரசவம் நம்மூட்டுலதான்.” அத்தை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மிச்சக் குழம்பைத் தூக்கில் ஊற்றி என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். “எனக்கு வேணாம் கண்ணு. இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல, ராத்திரிதான்” என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். காரம் கூடிப்போய் அவர் வயிற்றைக் கெடுத்துவிட்டோமே என்று அம்மா புலம்பினாள்.

அப்பா மட்டும் கேட்டார்: “நெத்தியில திருநீறு இருந்துச்சா?”

“இல்லீங்ப்பா.”

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வெளியே யாரிடம் விசாரித்தாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன வார்த்தையை மாற்றவில்லை. அத்தைக்கு எங்கள் வீட்டில்தான் பிள்ளை பிறந்தது.

அடுத்த வருடமும் மாமா அதேபோல் நெற்றியில் சாம்பலோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோழிக் குழம்பு என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அப்பாவோ கொள்ளுப் பருப்பு கடையச் சொன்னார்.

“கோழி ஒண்ணும் கெடைக்கல மாப்ள” என்றார் இலைக்கு முன்னால் உட்கார்ந்து.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கொல்லையில் கூடைக்கடியில் கிடந்த எங்கள் பெட்டைக்கோழி கொக்கரிக்க ஆரம்பித்துவிட்டது. வீடு முழுக்கக் கேட்டது. அப்பா தலை நிமிரவில்லை. மாமாவும் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் பருப்பு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சொந்தத் தங்கை வீட்டுக்காரருக்கே ஒரு கோழி அறுக்க மனம் வராத அளவுக்கு அப்பா கஞ்சனாகிவிட்டாரே என்று எனக்கு அன்றெல்லாம் கோபம்.