மீட்டரில் ஒட்டிய பொட்டு

லூர்து அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை, சேலம் ஆஸ்பத்திரியில். ஹார்ட் அட்டாக். நாளை அடக்கம். ஏற்காட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு அவரைத் தெரியும்... மற்றவர்களுக்குச் சொல்கிறேன், பஜாருக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக்.

என் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் சேலத்தில் டயாலிசிஸ். ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு, மலை மேல் எங்கள் ஊர் வெள்ளக்கடையிலிருந்து நான்தான் கார் ஓட்டிப் போவேன்.

மூன்று வருடம் முன்பு வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. மீட்டரில் அந்த மஞ்சள் என்ஜின் லைட். கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் குலுங்கி, கறுப்பாகப் புகை கக்கி, ஆஃப். பின்னால் பஸ்காரர் ஹார்ன் மேல் ஹார்ன். பக்கத்தில் இவர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

கீழே ஒரு கடையில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று புதுசு மாட்டினார்கள். பத்தே நாளில் லைட் திரும்ப வந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்... "மலை மேல காத்து கம்மிங்க டீச்சர், வண்டிக்கும் மூச்சு வாங்குமில்லீங்க." நானும் நம்பினேன்.

இவர் அந்த லைட்டைப் பார்த்துப் பார்த்துப் பயந்தார். டயாலிசிஸே வேண்டாம் என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து லைட் மேல் ஒட்டிவிட்டேன்.

லூர்து அண்ணன் முதன்முதலில் வண்டிக்குள் உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், மீட்டருக்கு யாருங்க பொட்டு வெச்சது?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நகத்தால் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

"வண்டி வாயத் தொறந்து சொல்லுதுங்க. அது வாயப் போயிப் பொத்தலாமுங்களா?"

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பிறகு அடியில் போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. "ஆக்சிலேட்டர் குடுங்க... விடுங்க... குடுங்க..."

"சென்சார் நல்லாருக்குதுங்க. பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும். புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு மோந்து பாக்குற மூக்கு அது. மூக்குலருந்து சேதி கொண்டுபோற வயருதான் சைலன்சர் பைப்புல பட்டு வெந்துபோச்சு. வளைவுல என்ஜின் சாயறப்ப பாடியில ஒரசுது. சேதி தப்பாப் போனா வண்டி பெட்ரோல அள்ளி ஊத்திக்குது, ஆஃப் ஆயிப்போவுது. காத்து என்னங்க பண்ணுச்சு, பாவம்!"

வெந்த துண்டை வெட்டி, புது வயர் சேர்த்து, சூடு தாங்கும் உறை போட்டு, பைப்பை விட்டுத் தள்ளிக் கட்டினார்.

"சரியாயிடுச்சுங்களாண்ணா?"

"இப்பச் சொல்லமாட்டனுங்க. கீழ போயி மேல வருவோம்."

அவர் வழக்கம் அது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இருபது வளைவும் என் தோளுக்கு மேலாக எட்டி மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏரி தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "இப்ப சரிங்க."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். அண்ணன் இறங்கிப் போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு டயாலிசிஸ் அன்றும் சாயங்காலம் போன் வரும். "மேல வந்துட்டீங்களா? லைட் எரியலீங்களே?" அவ்வளவுதான், வைத்துவிடுவார். "என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கறாரா பாரு" என்று இவர் கிண்டல் செய்வார்.

இன்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் மனைவி மேரி அக்கா சொன்னார். "நொம்ப நாளா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாருங்க டீச்சர். கேட்டாக்க கேஸுன்னு சொல்லி மாத்திரையப் போட்டுக்குவாரு."

கேஸாம்! என் பொட்டைப் பிய்த்துக் கையில் கொடுத்த மனுஷன்... அழுகையைவிடக் கோபம்தான் அண்ணா வருகிறது.

இன்று எங்களுக்கும் டயாலிசிஸ் நாள். அது முடிந்து, அண்ணனை ஏற்றி வந்த ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே மலை ஏறினோம். பின் சீட் காலி. இவர் இன்று கண்ணை மூடவில்லை, வழியெல்லாம் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போன் வராது என்று தெரியும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மேல வந்துட்டோமுங்கண்ணா. லைட் எரியல.